கல்லுக்கடியில் காகிதம்

சடங்குகளைப் பற்றி எழுதுகிறவர்கள் அவற்றின் கதையிலிருந்து தொடங்குவது வழக்கம். யார் நினைவாக, எதனால், எந்த அரசன் காலத்தில் என்று. கதை தெரிந்தால் சடங்கு புரிந்துவிட்டது என்று ஒரு நம்பிக்கை. கதை பொய் என்று காட்டிவிட்டால் சடங்கு தானாக உதிர்ந்துவிடும் என்பது அதே நம்பிக்கையின் மறுபக்கம். இரண்டையும் நான் வெகுகாலம் நம்பினேன். சடங்கு மறுப்பையே அறிவின் முதல் படியாகக் கொண்ட ஒரு தலைமுறையில் வந்தவனுக்கு இதில் சந்தேகம் வர நியாயமில்லை. வந்தது. சிங்கப்பூரில் ஒரு சீனக் கல்லறை மேட்டின் மேல், கூழாங்கல்லுக்கடியில் இருந்த ஒரு காகிதத் துண்டு அதற்குக் காரணம்.

2013 ஏப்ரல் முதல் வாரம். அப்போது நான் அங்கே வேலையில் இருந்தேன். உடன் வேலை பார்த்த சீனப் பெண்மணி, ஐம்பதைத் தாண்டியவர், ஹொக்கியன் வகுப்பைச் சேர்ந்தவர், தம் கொள்ளுத்தாத்தாவின் கல்லறைக்குக் குடும்பத்தோடு போவதாகச் சொன்னார். அந்த நாளுக்குப் பொதுச் சீன மொழியில் சிங்மிங் என்று பெயர். ஹொக்கியனில் செங் பெங். "பார்க்கிறதானால் இந்த வருஷமே வந்துவிடுங்கள். அடுத்த வருஷம் கல்லறை இருக்காது" என்றார்.

புக்கிட் பிரவுன் என்ற அந்த இடுகாட்டைச் சீனர்களுக்காக 1922இல் நகராட்சி திறந்தது. 1973இல் மூடியாயிற்று. சுமார் ஒரு லட்சம் கல்லறைகள். 2011 செப்டம்பரில் அதன் ஊடாகப் புதுச் சாலை ஒன்று வரப்போவதாக அரசாங்கம் அறிவித்தது. 3,700க்கு மேற்பட்ட கல்லறைகளைத் தோண்டி அகற்ற வேண்டியிருந்தது. சாலையின் பாதையில் இருந்த கல்லறைகளுக்கு எண் எழுதிய முளை அடித்திருந்தார்கள். இவர்களுடையதற்கும் அடித்திருந்தது.

அன்று அவர்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். கல்லறைக்கு ஒரு பக்கத்தில் சிறியதாக ஒரு கல் நின்றது; அது மண்ணுக்குரிய தெய்வம். முதல் ஊதுவத்தி அதற்குத்தான். இடத்துக்கு உரியவரிடம் சொல்லிவிட்டுத்தான் தங்கள் ஆளிடம் போக வேண்டும். பிறகு புல்லையும் புதரையும் வெட்டினார்கள். தண்ணீர் ஊற்றிக் கல்லைத் தேய்த்தார்கள். மங்கிப் போயிருந்த எழுத்துகளின் பள்ளத்தில் தூரிகையால் சிவப்புச் சாயம் தீட்டினார்கள். மேட்டின் மேல் வர்ணக் காகிதத் துண்டுகளைப் பரப்பி, பறந்துவிடாமல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு கூழாங்கல் வைத்தார்கள். வேகவைத்த கோழி, பழம், பணியாரம், தேநீர் படைத்தார்கள். பிறகு காத்திருந்தார்கள். முன்னோர் சாப்பிட்டு முடித்தாரா என்று கேட்க, பெண்மணியின் அண்ணன் இரண்டு நாணயங்களைத் தரையில் போட்டார். ஒன்றில் தலையும் மற்றதில் பூவும் விழுந்தால் முடித்தாயிற்று என்று அர்த்தம். இரண்டு தடவை விழவில்லை. "இன்னும் சாப்பிடுகிறார்" என்றார், சிரிக்காமல். மூன்றாம் தடவை விழுந்ததும் காகிதப் பணத்தைக் குவித்துக் கொளுத்தினார்கள். நெருப்பு அடங்கிய பின், படைத்ததை அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எனக்கும் கொடுத்தார்கள்.

கல்லுக்கடியில் காகிதம் எதற்கு என்று கேட்டேன். வீட்டுக் கூரைக்கு வருஷா வருஷம் ஓடு மாற்றுகிற மாதிரி என்றார் பெண்மணி. அதெல்லாம் இல்லை, இந்தக் கல்லறைக்கு ஆள் இருக்கிறது என்பதற்கு அடையாளம், காகிதம் இல்லாதது அநாதைக் கல்லறை என்றார் அண்ணன். கிழவரான தகப்பனாரையும் கேட்டுச் சொல்லச் சொன்னேன். அவர் இறந்தவருடைய பேரன். அந்தக் கல்லில் பேரன்கள் வரிசையில் கடைசியாக அவர் பெயரும் வெட்டியிருந்தது. கல் நாட்டியபோது அவருக்கு மூன்று வயதாம். கேள்வியைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "அப்பா வைப்பார்" என்றார். அவ்வளவுதான் பதில்.

மூன்று பேர், இரண்டு விளக்கம், ஒருவரிடம் விளக்கமே இல்லை. காகிதம் வைத்த கைகள் மட்டும் ஒரே மாதிரி வைத்தன. ஊர் திரும்பிய பிறகு இந்தப் பண்டிகையின் சரித்திரத்தைத் தேடிப் படித்தேன். காகிதத்துக்கு நாலாவதாக ஒரு விளக்கம் அதில் கிடைத்தது. அதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

2

சிங்மிங் ஆதியில் பண்டிகையே அல்ல. பஞ்சாங்கத்தில் ஒரு புள்ளி. சூரியனின் வருஷ ஓட்டத்தைச் சீனர்கள் 24 கூறுகளாகப் பிரித்திருந்தார்கள். வசந்த காலத்தில் இரவும் பகலும் சமமாகும் நாளுக்கு அடுத்த கூறு சிங்மிங். ஏப்ரல் 4இலோ 5இலோ, அபூர்வமாக 6இலோ விழும். சீனர்களின் பண்டிகைகளில் பெரும்பாலானவை நிலாவை வைத்து வருகிறவை. இது சூரியனை வைத்து வருவது. சிங் என்றால் தெளிவு, மிங் என்றால் வெளிச்சம். உழுகிறவனுக்கும் விதைக்கிறவனுக்கும் வேண்டிய தகவல். இறந்தவர்களைப் பற்றி அந்தப் பெயரில் ஒன்றும் இல்லை.

இறந்தவர்கள் வந்து சேர்ந்தது அதற்கு ஓரிரு நாள் முன்னால் வந்த இன்னொரு விரத நாளின் வழியாக. குளிர்காலத்தில் பகல் மிகவும் குறுகிப்போகும் நாளிலிருந்து எண்ணி 105ஆம் நாள் அது. ஹன்ஷி என்று பெயர். 'குளிர்ந்த உணவு' என்று பொருள். அன்று அடுப்பு மூட்டக் கூடாது. முன்பே சமைத்து ஆறியதைத்தான் சாப்பிட வேண்டும்.

ஏன் என்பதற்குச் சீனர் எல்லோருக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. ஜின் தேசத்து இளவரசன் சோங்-அர் 19 வருஷம் நாடிழந்து அலைந்தான். கூடப் போனவர்களில் ஜீ ஸிதுய் ஒருவன். உணவில்லாத ஒரு நாளில் தன் தொடைச் சதையை அறுத்துச் சமைத்து எஜமானனுக்குக் கொடுத்தவன். கி.மு. 636இல் சோங்-அர் நாட்டைப் பெற்று வென் கோமகன் ஆனான். உடன் வந்தவர்களுக்கெல்லாம் பதவியும் நிலமும் கொடுத்தவன் இவனை மறந்து போனான். ஜீ ஸிதுய் ஒன்றும் கேட்கவில்லை. தாயை அழைத்துக்கொண்டு மலைக்காட்டுக்குள் போய்விட்டான். மறதியை உணர்ந்த கோமகன் தேடி வந்தான். ஆள் வெளியே வரவில்லை. காட்டுக்குத் தீ வைத்தால் தாயைக் காப்பாற்றவாவது வெளியே வருவான் என்று யாரோ யோசனை சொல்ல, தீ வைத்தார்கள். தீ அணைந்த பிறகு ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டபடி இருவரும் கரிந்து கிடந்தார்கள். அன்றைய தினத்தில் நாட்டில் நெருப்பு மூட்டக் கூடாது என்று கோமகன் ஆணையிட்டான்.

நல்ல கதை. சிக்கல் என்னவென்றால், இந்த விவகாரத்தைச் சொல்லும் பழைய சரித்திர நூலான த்ஸுவோ ஜுவானில் தீ இல்லை. அறுத்த தொடையும் இல்லை. பதவி கேட்காதவன் தாயோடு போய் மறைந்தான், மறைந்தபடியே செத்தான், கோமகன் தேடிக் காணாமல் அந்த நிலத்தை அவன் பெயருக்கு ஒதுக்கித் தன் குற்றத்துக்கு அடையாளமாக வைத்தான் என்பதோடு சரி. கி.மு. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய ஸிமா சியானிடமும் தீ இல்லை. சுவாங்ட்ஸு நூலில், பிற்காலச் சேர்க்கை என்று கருதப்படும் ஒரு அத்தியாயத்தில், தொடையும் தீயும் முதலில் தலைகாட்டுகின்றன. அங்கே விரதம் இல்லை. விரதமும் ஜீ ஸிதுய்யின் பெயரும் சேர்ந்து வரும் ஆரம்பக் குறிப்பு கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. தாய்யுவான் பிரதேசத்து மக்கள் நடுக் குளிர்காலத்தில் ஐந்து நாள் நெருப்பு மூட்டுவதில்லை என்கிறது அது. குளிர்காலத்தில்! வசந்தத்தில் அல்ல. வசந்தத்தில் நெருப்பைக் கட்டுப்படுத்தும் வழக்கம் வேறொன்று இருந்தது. வசந்தத்தின் நடு மாதத்தில் மரநாக்கு வைத்த மணியை அடித்து ஊரில் நெருப்புத் தடையை அறிவிக்க ஒரு அதிகாரி உண்டு என்று பழைய அரசாங்க விதிநூல் சொல்கிறது. வருஷத்துப் பழைய நெருப்பை அணைத்துப் புது நெருப்பைக் கடைந்தெடுப்பது பல சமூகங்களில் உள்ள வழக்கம்தான்.

ஆக, அடுப்பு முதலில் குளிர்ந்தது. கதை பிறகு வந்தது. எரிந்து செத்த ஒருவன் தேவைப்பட்டபோது, வெறுமனே மறைந்து போன ஒருவனை எரித்துக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் பழைய நானாக இருந்தால் கட்டுரையை முடித்திருப்பேன். கதை பொய், விஷயம் தீர்ந்தது. ஆனால் தீரவில்லை. கதை எதற்காக இந்த மனிதனைத் தேர்ந்தெடுத்தது என்று ஒரு கேள்வி நிற்கிறது. மலையில் மின்னல் விழுந்து செத்தவனையோ வேறு ஏதாவது தேவதையையோ தேர்ந்தெடுத்திருக்கலாம். தேர்ந்தெடுத்தது ஒரு அரசனின் நன்றி கெட்ட தனத்துக்குப் பலியானவனை. வருஷத்தில் சில நாள் ஒரு பிரதேசம் முழுவதும் ஆறிய கஞ்சியைக் குடித்துக்கொண்டு ஒரு ஆட்சியாளனின் மறதியை நினைவு வைத்திருந்தது. இது அரசாங்கங்களுக்குச் சுகமான பண்டிகை அல்ல என்று எனக்குப் படுகிறது.

3

அரசாங்கங்கள் தலையிட்டன. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தாய்யுவான் அடங்கிய பிங் மாகாணத்துக்கு ஜோ ஜூ என்பவர் அதிகாரியாக வந்தார். அப்போது விரதம் ஒரு மாத காலம். கடுங்குளிரில் சூடான உணவு இல்லாமல் வருஷந்தோறும் கிழவர்களும் குழந்தைகளும் செத்தார்கள். ஜோ ஜூ செய்த காரியம் விசித்திரமானது. மக்களுக்கு உத்தரவு போடுவதற்கு முன் செத்தவனுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஜனங்களைச் சாகடிப்பது உம்மைப் போன்ற உத்தமரின் எண்ணமாக இருக்க முடியாது என்ற கருத்தில் எழுதி, அதை ஜீ ஸிதுய்யின் கோவிலில் வைத்துவிட்டு, பிறகுதான் மக்களைச் சூடாகச் சாப்பிடச் சொன்னார். வழக்கம் ஓரளவு தளர்ந்தது என்கிறது சரித்திரம்.

கி.பி. 206இல் அதே பிரதேசம் த்ஸாவ் த்ஸாவின் கைக்கு வந்தது. படைத்தலைவர், முதல் வரிசைக் கவிஞரும்கூட. கடிதம் எழுதுகிற ஆள் அல்ல. விரதம் கூடாது என்று தடை போட்டார். மீறினால் குடும்பத் தலைவனுக்கு ஆறு மாதத் தண்டனை, பொறுப்பான அதிகாரிக்கு நூறு நாள், வட்டாரத் தலைவருக்கு ஒரு மாதச் சம்பளம் பிடித்தம். அந்த ஆணையில் ஒரு வாதமும் இருந்தது. வூ தேசத்து விசுவாசி வூ ஸிஷுவின் உடலை ஆற்றில் எறிந்தார்கள். அதற்காக வூ தேசத்து மக்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்களா? பகுத்தறிவு பேசுகிற எவரும் இன்றைக்கும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

இதை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும்: தடை செய்தவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. குழந்தைகள் செத்தார்கள். அப்படியும் வாதம் தோற்றது. 4ஆம் நூற்றாண்டில் வடக்கே அரசனாயிருந்த ஷி லெ மறுபடி தடுத்தான். பெரிய ஆலங்கட்டி மழை பெய்து பயிர் அழிந்தது. ஜீ ஸிதுய்யின் கோபம் என்று பேச்சு வந்தது. அந்தப் பிரதேசத்தில் மட்டுமாவது விரதத்தை அனுமதித்துவிட்டார்கள்.

தோற்றதற்குக் காரணம் மக்களின் மூடத்தனம் என்று சொல்லிவிடலாம். எனக்கு அது போதவில்லை. த்ஸாவ் த்ஸாவ் வாதம் செய்தது கதையோடு. கதையை வாதத்தால் வெல்லலாம். ஒரு வீட்டில் இந்த நாளில் பாட்டி அடுப்பை மூட்டாமலிருந்தாள், அதனால் தாயும் மூட்டவில்லை, அதனால் மகளும் மூட்டவில்லை என்பதோடு எந்த வாதமும் செய்ய முடியாது. "அப்பா வைப்பார்" என்ற பதிலுக்கு எதிர்ப் பதில் கிடையாது. அது காரணமே அல்ல என்பதால் அதை மறுக்கவும் முடிவதில்லை.

4

கல்லறைக்குப் போகும் வழக்கம் இந்த விரதத்தோடு எப்போது சேர்ந்தது என்று தேதி சொல்ல முடியாது. தாங் வம்சக் காலத்தில் சேர்ந்தே இருந்தது. 662இல் ஒரு அரச ஆணை, குளிர்ந்த உணவு நாளில் கல்லறைக்குப் போய்விட்டுக் கூத்தும் கும்மாளமுமாக இருக்கிறார்கள் என்று கண்டிக்கிறது. எழுபது வருஷம் கழித்து, 732இல், ஷுவான்ஸோங் சக்கரவர்த்தி வேறு விதமாக முடிவு செய்தார். பழைய சடங்கு நூல்களில் இந்த வழக்கத்துக்கு ஆதாரம் இல்லை, ஆயினும் மக்களிடம் ஊறிவிட்டது, ஆகவே அனுமதித்து அரசாங்கச் சடங்கு முறையில் சேர்க்கலாம் என்றார். சாஸ்திரத்தில் இல்லாததைச் சாஸ்திரத்தில் சேர்க்கிற இந்த ஆணை நேர்மையானது என்பேன். ஆதாரம் இருப்பதாகக் கதை கட்டவில்லை. உத்தியோகஸ்தர்களுக்கு 736இல் நாலு நாள் விடுமுறை, 790இல் ஏழு நாள்.

விரதம் முடிந்து சிங்மிங் அன்று புது நெருப்பு. அரண்மனையில் எல்ம் மரத்திலும் வில்லோ மரத்திலும் கடைந்தெடுத்த நெருப்பைச் சக்கரவர்த்தி தமக்கு வேண்டியவர்களுக்கு அனுப்பி வைப்பார். ஊர் முழுக்க இருட்டாக இருக்கையில் சில வீடுகளுக்கு மட்டும் நெருப்புப் போவதைத் தாங் கவிகள் பார்க்கத் தவறவில்லை.

கவிதை என்றதும் ஒரு விஷயம். சிங்மிங் என்றால் சீனக் குழந்தைகள் ஒப்பிக்கும் நாலடிக் கவிதை ஒன்று உண்டு. மழை, வழியில் போகிற மனிதன், மதுக்கடைக்கு வழி விசாரிப்பு. 9ஆம் நூற்றாண்டுத் தூ மூ எழுதியது என்று பாடப் புத்தகம் சொல்லும். தூ மூவின் சொந்தத் தொகுப்பில் அது இல்லை. அவர் காலத்துக்கு முந்நூறு, நானூறு வருஷம் கழித்துத்தான் அவர் பெயரோடு வெளியே வருகிறது. அடுப்பணைக்கும் வழக்கத்துக்கு ஒரு ஜீ ஸிதுய் பின்னால் கிடைத்தது போல அநாதைக் கவிதைக்கு ஒரு தூ மூ கிடைத்தார். 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜாங் ஸெதுவான் தீட்டிய ஐந்து மீட்டருக்கு மேல் நீளமுள்ள பட்டுச் சுருள் ஓவியம், சிங்மிங் நாளில் ஆற்றங்கரைக் காட்சி என்று உலகப் பிரசித்தம். அதில் ஒருவரும் கல்லறையைப் பெருக்கவில்லை. தலைப்பில் உள்ள சிங்மிங் பண்டிகைதானா என்றே ஆராய்ச்சியாளர்கள் சண்டை போடுகிறார்கள். பெயரும் பொருளும் இந்தப் பண்டிகையில் எப்போதும் தளர்வாகவே ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

இப்போது காகிதத்துக்கு வருகிறேன். இறந்தவர்களுக்குக் காகிதப் பணம் எரிப்பது தாங் காலத்திலேயே பரவியிருந்தது. ஆனால் கல்லறைக்குப் போகிற நாளோ நெருப்பு மூட்டக் கூடாத நாள். என்ன செய்வது? எரிக்காமல் விட்டார்கள். குளிர்ந்த உணவு நாளில் கல்லறையில் ஊதுவத்தி கொளுத்துவதில்லை, காகிதப் பணத்தை மரத்தில் தொங்கவிடுகிறார்கள் என்று 12ஆம் நூற்றாண்டுக் குறிப்பு ஒன்று சொல்கிறது. மரத்தில் தொங்கியது பிறகு மேட்டின் மேல் கல்லுக்கடியில் வந்தது என்பது நான் சொன்ன நாலாவது விளக்கம். விரதம் அடுத்தடுத்த நூற்றாண்டுகளில் மெல்ல மறைந்தது. கல்லறை வேலை சிங்மிங்கின் பெயருக்கு மாறியது. நெருப்புத் தடை போய்விட்டதால் பணத்தைத் தாராளமாக எரிக்கத் தொடங்கினார்கள். எரிக்காத காகிதத்தை வைப்பதை மட்டும் விடவில்லை. நான் பார்த்த கல்லறையில் இரண்டும் இருந்தன. இந்தப் பக்கம் நெருப்பு. அந்தப் பக்கம், எந்த நூற்றாண்டிலோ அணைந்த அடுப்புகளின் எச்சமாகக் கல்லுக்கடியில் ஒரு துண்டு. வைத்தவர்களில் ஒருவருக்கும் இது தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் ஒழுங்காக வைத்திருப்பார்களா? மாட்டார்கள்.

இதைச் சொல்லிவிட்டுக் குடும்பத்தைப் புனிதமாக்குவது என் எண்ணம் அல்ல. 12ஆம் நூற்றாண்டில் ஜூ ஷி தொகுத்த குடும்பச் சடங்கு நூல், கல்லறைப் படையலை மூன்றாம் மாதத்துக் கடமையாக்கியது. அதன் வழியே இறுகியது ஆண்வழி. குவாங்துங்கிலும் ஹாங்காங் கிராமங்களிலும் பொதுச் சொத்துள்ள வம்சங்கள் முன்னோர் கல்லறையில் முழுப் பன்றியைச் சுட்டுப் படைத்து, இறைச்சியை வம்சத்து ஆண்களுக்குப் பங்கு வைக்கும். பங்கு கிடைப்பதுதான் வம்சத்தில் ஒருவன் இருக்கிறான் என்பதற்குச் சாட்சி. பெண்ணுக்குப் பங்கு இல்லை. கட்டிக்கொண்ட பெண் பெருக்க வேண்டியது கணவன் வீட்டுக் கல்லறையை. என் சிநேகிதி அன்று சாயம் தீட்டிய எழுத்துகளில் மகன்கள் பெயர் இருந்தது, பேரன்கள் பெயர் இருந்தது. மகள் பெயர் ஒன்றும் இல்லை. கேட்டேன். "இருந்தார்கள், இரண்டு பேர்" என்றார் தூரிகையை எடுக்காமல். விதிப்படி அவரே அன்று அங்கே வந்திருக்க வேண்டியதில்லை. வந்திருந்தார். விதி கதையைச் சேர்ந்தது போலும்; கை வேறு கணக்கில் போகிறது.

5

இருபதாம் நூற்றாண்டு இந்தக் கையைப் பிடிக்க மறுபடி முயன்றது. 1935இல் குடியரசு சிங்மிங்கைத் தேசியக் கல்லறைத் துப்புரவு நாள் ஆக்கியது. 1937 சிங்மிங்கில் ஷான்ஸி மாகாணத்தில் மஞ்சள் சக்கரவர்த்தியின் கல்லறை எனப்படுவதற்குக் கோமிந்தாங்கும் கம்யூனிஸ்ட்டுகளும் பிரதிநிதிகளை அனுப்பினார்கள். பத்து வருஷமாக ஒருவரையொருவர் கொன்றவர்கள். கம்யூனிஸ்ட் தரப்பின் அஞ்சலி உரையை எழுதியவர் மாவோ. ஜப்பானியப் படை வாசலில் நின்றது. எல்லோருக்கும் பொதுவாக ஒரு பாட்டன் தேவைப்பட்டான். புராண புருஷனாக இருந்தால் என்ன?

ஜெயித்த பிறகு அதே மாவோ, 1956 ஏப்ரல் 27இல், பிணத்தைப் புதைக்காமல் எரிக்க வேண்டும் என்ற பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டார். மொத்தம் 151 கையெழுத்து. விளைநிலம் வீணாகிறது, மரம் வீணாகிறது என்று காரணம். மறுபடி நியாயமான வாதம். பிறகு வந்த கலாசாரப் புரட்சியில் நியாயத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. முன்னோர் பலகைகளை உடைத்தார்கள், கல்லறைகளை இடித்தார்கள்.

பின் நடந்தது எந்த நாவலாசிரியனும் துணியாத தற்செயல். 1975 ஏப்ரல் 5, சிங்மிங் நாள், நள்ளிரவுக்குச் சற்று முன் தைவானில் சியாங் கை ஷேக் இறந்தார். கல்லறைத் துப்புரவு நாளை அங்கே ஏப்ரல் 5 என்றே நிலைநிறுத்தினார்கள். அவருக்கோ கல்லறை இல்லை. சீனப் பெருநிலத்தில் சொந்த ஊர் மண்ணில் புதைக்கும் நாளுக்காக அவர் உடலை ட்ஸிஹூவில் புதைக்காமல் வைத்தார்கள். 1976 ஜனவரி 8இல் பெய்ஜிங்கில் சூ என்லாய் இறந்தார். தம் விருப்பப்படி சாம்பலைத் தூவச் சொல்லிவிட்டார். அவருக்கும் கல்லறை இல்லை. அந்த வருஷம் செப்டம்பரில் இறந்த மாவோ, எரிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவர், தைலமிட்ட உடலாகத் தியானன்மென் சதுக்கத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறார். பெருக்குவதற்கு மண்மேடு ஒருவருக்கும் இல்லை.

1976 ஏப்ரல் 4 சிங்மிங். சூ என்லாயைப் பெருக்க இடமில்லாத ஜனங்கள் தியானன்மென் சதுக்கத்தில் இருந்த மக்கள் வீரர் நினைவுத் தூணுக்குப் போனார்கள். தூணின் பின்பக்கத்து வாசகம் சூ என்லாயின் கையெழுத்தில் வெட்டியது. கல்லறைக்கல் இல்லாதவருக்குக் கையெழுத்துள்ள கல் ஒன்று கிடைத்தது. லட்சக்கணக்கில் வந்தார்கள். மலர் வளையங்கள், அவற்றில் செருகிய கவிதைகள். இறந்த மந்திரிக்கு அஞ்சலி என்ற பெயரில் இருக்கிற ஆட்சியாளர்கள் மேல் குற்றப் பத்திரிகை. இரவோடிரவாக எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்கள். 5ஆம் தேதி கைகலப்பு, கைது. எதிர்ப்புரட்சி என்று முத்திரை. 7ஆம் தேதி டெங் சியாவோபிங்கின் பதவிகள் பறிபோயின. 1978 நவம்பரில் அதே சம்பவம் புரட்சிகரமானது என்று தீர்ப்பு மாறியது. பெய்ஜிங்கின் ஒரு கல்லூரியில் ஆசிரியர்கள் சிலர் சதுக்கத்துக் கவிதைகளை ஏற்கெனவே பிரதி செய்து காப்பாற்றியிருந்தார்கள். தோங் ஹுவாய்ஜோ என்ற புனைபெயரில் அவர்கள் தொகுத்ததை அரசாங்கப் பதிப்பகமே 1978 டிசம்பரில் வெளியிட்டது. 'சேர்ந்து சூவை நினைப்போம்' என்று காதில் விழுகிற பெயர் அது. பெரும்பாலும் சாதாரணக் கவிதைகள் என்று விமர்சகர்கள் சொல்லலாம். இருக்கட்டும். கல்லுக்கடியில் வைத்த காகிதங்கள் என்று அவற்றைப் பார்க்கிறவனுக்கு அந்த விமர்சனம் கொஞ்சம் அபத்தமாகப் படும்.

ஜீ ஸிதுய்யின் கதை அன்று அந்தச் சதுக்கத்தில் திரும்ப நடந்தது என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஜாக்கிரதையாகச் சொல்கிறேன்: கதை திரும்பவில்லை. இந்த நாளில் செத்தவர்களிடம் போக வேண்டும் என்ற பழக்கம் கால்களில் இருந்தது. கால்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரு கதை தயாராக நின்றது.

2008 முதல் சீனாவில் சிங்மிங் அரசாங்க விடுமுறை. இப்போது பண்டிகை பாரம்பரியச் சொத்து. 2020 ஏப்ரல் 4, சிங்மிங் அன்று, கொரோனாவில் இறந்தவர்களுக்காகக் காலை பத்து மணிக்கு நாடு முழுவதும் மூன்று நிமிஷம் மௌனமாக நின்றது, சங்குகள் ஊதின. அதே நாளில் வூஹானில் குடும்பங்கள் கல்லறைக்குப் போக அனுமதி இல்லை. தொற்றுக் காலத்தில் அதற்கும் நியாயம் உண்டு. துக்கம் அரசாங்கத்திடம் இருந்தது. துடைப்பம் வீட்டில் இருந்தது.

6

இவ்வளவையும் படித்து நான் வந்து சேர்ந்த முடிவு கொஞ்சம் கர்வமானது. கதையைத் தடுத்தவர்களும் தோற்றார்கள், கதையைக் கைப்பற்றியவர்களும் தோற்றார்கள், சடங்கு கையில் இருக்கிறது, கை பிழைத்துக்கொள்ளும் என்று. இந்த முடிவோடு சிநேகிதிக்கு ஒரு கடிதம் எழுதினேன். காகிதத்தின் நாலாவது விளக்கத்தையும் எழுதினேன்.

பதில் 2014 மே மாதம் வந்தது. கல்லறைகளைத் தோண்டும் வேலை 2013 டிசம்பரில் தொடங்கியதாம். கொள்ளுத்தாத்தா முறை வந்த நாளில் விடிவதற்கு முன் போயிருந்தார்கள். சில எலும்புகளும் ஒரு பித்தானும் கிடைத்தன. எலும்புகளை எரித்துச் சாம்பலைக் கலசத்தில் எடுத்து, அடுக்கடுக்காக மாடங்கள் உள்ள கட்டடம் ஒன்றில் வைத்தார்கள். சிங்கப்பூரில் புதைக்க வழி இல்லாமல் இல்லை. 1998க்குப் பிறகு புதைப்பதானால் 15 வருஷம். பிறகு தோண்டி எடுத்துவிடுவார்கள். கல்லறைக்கும் தவணை.

முதல் சிங்மிங்குக்கு எல்லோரும் மாடத்துக்குப் போனார்கள். வெட்டப் புல் இல்லை. எழுத்துகள் புதிது, சாயம் தேவையில்லை. நெருப்புக்கென்று தனியாக உலை கட்டியிருந்தார்கள். வரிசையில் நின்று காகிதப் பணத்தை அதில் போட்டுவிட்டு வந்தார்கள். அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. தகப்பனார் கைக்குட்டையை நனைத்துக்கொண்டு வந்து, சுத்தமாக இருந்த பளிங்குச் சதுரத்தைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். என் கடிதத்தின் விளக்கத்தைச் சிநேகிதி அவருக்குச் சொல்லியிருந்தார். கேட்டுக்கொண்டாராம்.

1,800 வருஷத்துக்கு முன் த்ஸாவ் த்ஸாவ் தோற்றார், கதையோடு மோதினார். சாலை போடுகிறவர்கள் எந்தக் கதையோடும் மோதவில்லை. ஒரு நம்பிக்கையையும் கேலி செய்யவில்லை. முளை அடித்தார்கள், முன்னறிவிப்புக் கொடுத்தார்கள், எலும்பை மரியாதையாக எடுத்துக் கொடுத்தார்கள். இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கைக்கு வேலை செய்ய இடம் வேண்டும் என்பது என் கணக்கில் விட்டுப் போயிருந்தது. லோர்னி நெடுஞ்சாலை 2018 அக்டோபரில் ஒரு பகுதியும் 2019இல் முழுவதுமாகத் திறந்தது.

கடிதத்தின் கடைசியில் சிநேகிதி எழுதியிருந்தார்: அப்பா வர்ணக் காகிதத் துண்டுகளைச் சட்டைப் பையில் மடித்துக் கொண்டுவந்திருந்தார். எங்களுக்குத் தெரியாது. மாடத்துக்கு முன் நின்று எடுத்துப் பார்த்தார். வைக்க மேடு இல்லை, கல் இல்லை. திரும்பவும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.